வீல்சேர் வாங்கும் முன் ஒரு இன்ச் டேப் எடுங்க

இந்த வாரம் பேசப்போறது வீல்சேர் பத்தி. குறிப்பா, காலை நீட்டி உயர்த்தி வைக்கிற வசதி இருக்கிற வீல்சேர். கடையில இதை எலிவேட்டிங் லெக் ரெஸ்ட்னு சொல்வாங்க. இந்த வயசுல நமக்கு எதுக்குன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நம்ம வயசுல வீல்சேர் வாங்குறது பெரும்பாலும் நமக்காக இல்ல, அம்மா அப்பாவுக்காக. அதுவும் டிஸ்சார்ஜுக்கு முந்தின ராத்திரி, போன்ல, அவசரமா.

என் கதையும் அதேதான். அப்பாவுக்கு டூவீலர்ல போகும்போது விபத்து. வலது முட்டிக்குக் கீழே எலும்பு, மூட்டு வரைக்கும் உடைஞ்சிருந்தது. ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சாங்க. தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் நீளமா ஒரு பிரேஸ். பத்து வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, முதல் சில வாரம் முட்டியை மடக்கவும் கூடாதுன்னு சர்ஜன் சொல்லிட்டார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில உட்கார்ந்து ஆன்லைன்ல தேடினேன். எலிவேட்டிங் லெக் ரெஸ்ட், மடக்கக்கூடியது, நாலு ஸ்டாருக்கு மேல. இப்படி ஃபில்டர் போட்டு, வந்ததுல வசதி அதிகமா இருந்ததை ஆர்டர் பண்ணினேன். 14,000 ரூபாய். கால் மணி நேர வேலை. என் லேப்டாப்பை மூணு வாரம் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினவன் நான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. எல்லாம் சரியாப் போகுதுன்னுதான் நினைச்சேன். அப்பா எதுவுமே சொல்லல. ஒருநாள் ராத்திரி சமையலறையில அம்மா மெதுவா சொன்னாங்க: "உங்கப்பா சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லடா."

ஏன்னா பாத்ரூம் போகணுமே. எங்க பாத்ரூம் கதவு 24 இன்ச். நான் வாங்கின வீல்சேர் 26 இன்ச். உள்ளே போகாது. வாசல்ல நிறுத்தி, அம்மா தோளைப் பிடிச்சு, ஒத்தக் கால்ல எழுந்து, குதிச்சுக் குதிச்சுப் போயிருக்கார். நான் ஆபீஸ் போன பிறகு. கட்டில்லயே யூரின் கேன் வச்சுக்கலாமேன்னா மாட்டேன்னு பிடிவாதம். அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, தண்ணி குடிக்காம இருக்கிறது.

அன்னைக்குத்தான் முதல் தடவையா இன்ச் டேப்பைக் கையில எடுத்தேன்.

விளம்பரத்துல 18 இன்ச் வீல்சேர்னு போட்டிருந்தா, அது உட்கார்ற இடத்தோட அகலம். ரெண்டு பக்கமும் சக்கரம், அதுக்கு வெளியே கையால தள்ளுற வளையம், இதெல்லாம் சேர்ந்தா மொத்த அகலம் ஏழெட்டு இன்ச் கூடும். கதவையும் வெறும் சட்டத்தோட அளவா எடுக்காதீங்க. கதவைத் திறந்து வச்சு, கதவோட தடிமன் போக நடுவுல எவ்வளவு இடம் மிஞ்சுதுன்னு பாருங்க. அதுதான் நிஜமான வழி.

அடுத்தது நீளம். கால் கீழே இருக்கும்போது எங்க வீல்சேர் 42 இன்ச். காலை நீட்டினா 55 இன்ச். எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல அப்பா ஏறினா கதவு சாத்தாது. முதல் ரிவ்யூவுக்குப் போன அன்னைக்கு ரெண்டு மாடி தூக்கிட்டுதான் இறக்கினோம். ஹால்ல திரும்புறப்போ எல்லாம் காலோட நுனிதான் முதல்ல சுவத்துக்கிட்ட போகும். தள்ளுறவங்க பின்னாடி நிக்கிறதால அது கண்ணுக்கே தெரியாது.

இதெல்லாம் வீட்டோட அளவு. இதைவிட முக்கியமானது உடம்போட அளவு. அதைச் சொல்லிக் கொடுத்தது வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா.

அப்பா அந்தச் சேர்ல உட்கார்ந்தா அரை மணி நேரத்துல சறுக்கி முன்னாடி வந்துடுவார். நாங்க அக்குளுக்குக் கீழே கை கொடுத்து மேலே இழுப்போம். மறுபடி சறுக்குவார். அக்கா வந்ததும் முதல்ல அவரைப் புரட்டி முதுகுக்குக் கீழே பார்த்தாங்க. வால் எலும்பு கிட்ட தோல் சிவந்திருந்தது. விரலால அழுத்தி எடுத்தாங்க. சிவப்பு அப்படியே இருந்தது. "இது படுக்கைப் புண்ணோட ஆரம்பம். இன்னைக்கே பார்த்தது நல்லதாப் போச்சு"ன்னாங்க.

எனக்குப் புரியல. கால்தானே உடைஞ்சது, முதுகுல ஏன் புண் வரணும்?

"தம்பி, அந்த நாற்காலியில நீங்க உட்காருங்க"ன்னாங்க. இப்போ கேட்டுட்டு இருக்கிற நீங்களும் செஞ்சு பாருங்க. வண்டி ஓட்டிட்டு இருந்தா வேண்டாம். நாற்காலியில முதுகு நிமிர்ந்து உட்காருங்க. ஒரு காலை முட்டி மடங்காம நேரா முன்னாடி நீட்டுங்க. தொடைக்குப் பின்னாடி இழுக்குதா? இன்னும் நீட்டினா முதுகு தானா வளையுதா?

அந்த இழுக்கிற தசைக்கு ஹாம்ஸ்ட்ரிங்னு பேரு. அது நாம உட்கார்ற எலும்புல ஆரம்பிச்சு முட்டியைத் தாண்டிப் போய் முடியுது. அதனால முட்டியை நேரா நீட்டினா, அது இடுப்பெலும்பைப் பின்னாடி சாய்க்கும். இடுப்பு சாய்ஞ்சா உடம்பு முன்னாடி சறுக்கும். எடை முழுக்க வால் எலும்புல இறங்கும். சறுக்குறப்போ தோலும் சேர்ந்து உராயும். நாளெல்லாம் உட்கார்ந்து கோடு அடிக்கிற எனக்கே அவ்வளவு இறுக்கமா இருந்தது. அப்பாவுக்கு 61 வயசு.

அதாவது, நான் வசதின்னு நினைச்சு வாங்கினதே அவரைக் கீழே தள்ளிட்டு இருந்தது. வசதியில தப்பு இல்ல. அவருக்குக் கால் நீட்டி இருக்கத்தான் வேணும். ஆனா கால் மேலே போனா முதுகும் கொஞ்சம் பின்னாடி சாயணும். இடுப்புல கோணம் விரிஞ்சா தசை தளரும். எங்க சேர்ல முதுகு 90 டிகிரியில ஆணி அடிச்ச மாதிரி நின்னது. தேவைப்பட்டது சாயுற முதுகு இருக்கிற சேர். அந்த ஒரு விஷயத்துக்கு நான் ஃபில்டரே போடல.

லெக் ரெஸ்ட்லயும் பார்க்க வேண்டியது சிலது இருக்கு. கெண்டைக்காலைத் தாங்குற பட்டை கண்டிப்பா இருக்கணும். இல்லைன்னா காலோட முழு எடையும் குதிகால்ல தொங்கும், அங்கேயும் புண் வரும். அந்தப் பட்டை முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்திட்டு இருக்கிற எலும்பை அழுத்தக் கூடாது. அங்கே தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு போகுது, அது ரொம்ப நேரம் நசுங்கினா பாதத்தைத் தூக்க முடியாமப் போகலாம். அடுத்தது நீளம். சேரோட கீலும் நம்ம முட்டியும் ஒரே இடத்துல இருக்காது. அதனால காலை உயர்த்தினதும் கீழே சரியா இருந்த ஃபுட் பிளேட் பாதத்தை நெருக்க ஆரம்பிக்கும். உயர உயர தானா நீளுற மாதிரியும் சிலது வருது. இல்லைன்னா காலை நீட்டி வச்ச நிலையில அளவு பார்த்து திருகை முடுக்குங்க.

லீவரை அழுத்துறதுக்கு முன்னாடி இன்னொரு கையால காலைத் தாங்கிப் பிடிங்க, இல்லைன்னா படக்குனு விழும். ஏறி இறங்கும்போது ரெண்டு பக்கமும் பிரேக் போட்டு, லெக் ரெஸ்ட்டைப் பக்கவாட்டுல திருப்பியோ கழட்டியோ வச்சிடுங்க. ஃபுட் பிளேட் மேல ஏறி நின்னா சேர் முன்னாடி கவிழும். கழட்ட வராத லெக் ரெஸ்ட் இருக்கிற சேரை வாங்கவே வேண்டாம்.

நிறைய பேர் கால் வீக்கத்துக்காக இதை வாங்குறாங்க. நேரா உட்கார்ந்து காலை நீட்டினா, கால் இடுப்பு உயரத்துக்குத்தான் வரும். வீக்கம் நல்லா வடியணும்னா இதயத்தைவிட உயரமா இருக்கணும். அதுக்குப் படுத்து, காலுக்கு அடியில தலையணை வைக்கிறதே மேல். ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா வீல்சேர் தேடாதீங்க, உடனே டாக்டர்கிட்ட போங்க. ரத்தம் உறைஞ்சிருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2008ல ஒரு வழிகாட்டி போட்டாங்க. வசதி குறைஞ்ச நாடுகள்ல கையால ஓட்டுற வீல்சேரை எப்படிக் கொடுக்கணும்னு. அதுல 8 படிகள். ஆளைப் பரிசோதிக்கிறது, அவருக்கு எது சரின்னு முடிவு பண்றது, உட்கார வச்சுப் பொருத்திப் பார்க்கிறது, ஓட்டப் பழக்குறது, பிறகு பழுது பார்க்கிறது வரைக்கும் அதுல வருது. நான் பண்ணது ஆர்டர் மட்டும்.

நம்ம ஆஸ்பத்திரிகள்ல பார்க்கிற X மாதிரி மடங்குற வீல்சேரோட கதையும் இதேதான். 1933ல அமெரிக்காவுல ஹாரி ஜென்னிங்ஸ்ங்கிற என்ஜினியர், தன் நண்பர் ஹெர்பர்ட் எவரெஸ்ட்டுக்காகப் பண்ணது அது. சுரங்க விபத்துல கால் செயல் இழந்தவர் எவரெஸ்ட். கார்ல எடுத்துட்டுப் போக வசதியா ஒரு சேர் அவருக்குத் தேவைப்பட்டது. ஒரே ஒரு ஆளோட தேவையில தொடங்கின சேரை, இன்னைக்கு ஆளே பார்க்காம வாங்குறோம். எங்களுக்குப் பத்து வாரம்தான். வாழ்நாள் முழுக்க அதுல உட்கார்றவங்களுக்கு, அளவு தப்பான சேர்ங்கிறது தினமும் அளவு தப்பான செருப்போட நடக்கிற மாதிரி. சென்னை ஐஐடியில உருவான நியோமோஷன் நிறுவனம், ஆளுக்கு ஆள் அளவெடுத்து நியோஃப்ளைன்னு ஒரு வீல்சேர் பண்றாங்க. இப்படி அளவெடுத்துக் கொடுக்கிறது ஆடம்பரம் இல்லைன்னு இப்பதான் எனக்குப் புரியுது.

அக்கா எழுதிக் கொடுத்த அளவுகளைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க. உட்கார்ற அகலம்: இடுப்போட அகலத்தைவிட ரெண்டு பக்கமும் சேர்த்து ஒன்று முதல் ரெண்டு இன்ச் கூட. ஆழம்: பின்புறத்திலிருந்து முட்டிக்குப் பின் மடிப்பு வரைக்கும் அளந்து, ரெண்டு இன்ச் குறைவா. ஃபுட் பிளேட்: தரையிலிருந்து குறைஞ்சது ரெண்டு இன்ச் உயரத்துல. நல்ல குஷன் தனியா. சர்ஜன்கிட்ட ஒரு கேள்வி: முட்டி எத்தனை டிகிரி வரை மடங்கலாம்? சில வாரத் தேவைன்னா வாடகைக்கு எடுங்க. அரை மணி நேரம் உட்கார வச்சுப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

நாங்க கடைசியில முதுகு சாயுற சேர் ஒண்ணை வாடகைக்கு எடுத்தோம். பாத்ரூமுக்கு 21 இன்ச் அகலத்துல சின்னச் சக்கரம் வச்ச கமோட் சேர். அம்மா தள்ள, நான் காலைத் தாங்கிட்டே போவேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல தலையணை வச்சு காலை நீட்டி வைப்போம். கால் நீட்டி இருந்தா கதவு சாத்த முடியாது. அதனால அம்மா வாசல்ல பழைய புடவையைத் திரையா கட்டினாங்க. நான் ஆபீஸ் போற நேரத்துக்குக் கீழ் வீட்டு அண்ணன் வந்தார். அவரை வரச் சொல்லிக் கேட்டதே அப்பாதான். வால் எலும்பு கிட்ட இருந்த சிவப்பு ஒரு வாரத்துல போயிடுச்சு.

அப்பாகிட்ட ஒருநாள் கேட்டேன், ஏம்பா முதல்லயே சொல்லலன்னு. "நீ ஆசையா வாங்கிட்டு வந்தே. அதான்"னார்.

வாங்கிக் கொடுத்துட்டோம், கடமை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே வலிக்குது, எதுக்குப் பயப்படுறீங்கன்னு கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க. ராத்திரி தண்ணி பாட்டில் காலியாகுதான்னும் பாருங்க.

கமோட் சேர் வந்த அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா கேட்டார்: "டேய், ஒரு காபி கிடைக்குமா?"

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.