ரோட்டுக்கு அடியில ஒரு அந்துருண்டை

இன்னைக்கு எபிசோட் துருவைப் பத்தி. நாளைக்கே ஸ்கிப் பண்ணிடாதீங்க, அஞ்சு நிமிஷம் கேளுங்க.

சென்னையில இருந்து ஊருக்குப் போறப்ப திண்டிவனம், விழுப்புரம் வழியா எத்தனை தடவை போயிருப்போம்? மணலியில இருந்து திருச்சி, மதுரைக்கு பெட்ரோலும் டீசலும் கொண்டுபோற இந்தியன் ஆயில் குழாயும் இந்த மாவட்டம் வழியாத்தான் போகுது. நாம மேல போறோம், அது மண்ணுக்கு அடியில போகுது. இந்த மாதிரி குழாய் ரோட்டையோ தண்டவாளத்தையோ கடக்கிற இடத்துல ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும். சில இடத்துல பக்கத்துலயே, தலை கீழே வளைஞ்ச கைத்தடி மாதிரி ஒரு இரும்புக் குழாய் நிக்கும். அதுதான் நம்ம கதையோட ஹீரோ. பேரு வென்ட் பைப்.

அது எதுக்கு? கடக்கிற இடத்துல எண்ணெய்க் குழாயை அதைவிடப் பெரிய ஒரு இரும்புக் குழாய்க்குள்ள விட்டு எடுத்துட்டுப் போவாங்க. வெளிக் குழாய்க்குப் பேரு கேசிங். லாரி பாரத்தை அது தாங்கும். ரிப்பேர்னு வந்தா ரோட்டை வெட்டாம உள் குழாயை உருவிடலாம். உள்ள கசிஞ்சா வென்ட் பைப் வழியா வெளியே தெரியும். கேட்க ரொம்பப் பாதுகாப்பா இருக்குல்ல? சிக்கலே அங்கதான்.

மண்ணுக்குள்ள இரும்பு துருப்பிடிக்கிறது ஒரு மின்சார சமாச்சாரம். இரும்பை விட்டு மின்னோட்டம் ஈர மண்ணுக்குள்ள இறங்குற இடத்துல இரும்பு கரையும். அதனால குழாய்க்கு மேல பூச்சு போடுறதோட, மண்ணுல தனியா ஒரு உலோகத்தைப் புதைச்சு, அதுல இருந்து குழாயை நோக்கி மின்னோட்டம் அனுப்புவாங்க. குழாய் தப்பிக்கும், புதைச்ச உலோகம் தேயும். ஒருவகையில நேர்த்திக்கடன் மாதிரி. இதுக்கு கத்தோடிக் புரொடெக்‌ஷன்னு பேரு. 1824லயே ஹம்ஃப்ரி டேவி கப்பலோட செப்புத் தகட்டைக் காப்பாத்த இதே யோசனையைச் சொன்னாரு. 1928ல ராபர்ட் கூன் அமெரிக்காவுல எரிவாயுக் குழாய்க்கு இதைப் போட்டு, மைனஸ் 0.85 வோல்ட்னு ஒரு அளவு சொன்னாரு. இன்னைக்கும் உலகம் முழுக்க அதுதான் அளவுகோல்.

இப்ப கேசிங்குக்கு வாங்க. மண்ணுல வர்ற மின்னோட்டம் முதல்ல வெளிக் குழாயைத்தான் தொடும். நடுவுல இருக்குறது காத்துன்னா, உள் குழாய்க்கு எதுவும் போய்ச் சேராது. ரெண்டு குழாயும் ஒட்டாம இருக்க பிளாஸ்டிக் ஸ்பேசர் மாட்டி, ரெண்டு முனையையும் ரப்பர் சீல் போட்டு அடைச்சிருப்பாங்க. வருஷக்கணக்குல மண் இறங்கும், ஸ்பேசர் உடையும், சீல் கிழியும். ரெண்டு இரும்பும் தொட்டுக்கிட்டா இன்னும் மோசம். மின்னோட்டம் கேசிங்லயே வாங்கப்பட்டுத் திரும்பிடும். உள்ள இருக்குற குழாய்க்கு ஒண்ணும் கிடைக்காது.

எங்க வேலையில இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, ஆனா சர்வர் உள்ள செத்துக்கிட்டு இருக்கும். ஏன்னா நாம அளக்குறது வெளியில இருக்குற லேயரை. இங்கேயும் மீட்டரை ரோட்டோரமா மண்ணுல வச்சுத்தான் அளக்குறாங்க. கேசிங் உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

தண்ணி மட்டும் உள்ள போயிட்டா? விழுப்புரம் மாவட்டத்துல இது சும்மா கேக்குற கேள்வி கிடையாது. ஃபெஞ்சல் புயலப்ப, 2024 டிசம்பர் 1ல பதிவான கணக்குப்படி மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ. அளவுக்கு மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்துல வெள்ளம் ஏறி ரயிலே நின்னுச்சு. ஒரு கிழிஞ்ச சீல் இருந்தா அந்த மாதிரி வெள்ளத்துக்குப் போதும். வெள்ளம் வடிஞ்சு ஊரே மறந்துடும், கேசிங் உள்ள புகுந்த சேத்துத் தண்ணி மட்டும் அப்படியே கிடக்கும்.

சரி, தோண்டி எடுத்துச் சரிபண்ணலாமே? நாலு வழிச் சாலையை வெட்டணும், இல்ல தண்டவாளத்துக்கு அடியில போகணும். அங்கதான் அந்துருண்டை வருது.

வீட்டு பீரோவுல பட்டுப்புடவைக்கு நடுவுல அம்மா ஒரு வெள்ளை உருண்டை போட்டு வச்சிருப்பாங்க. அது கரையாம, உருகாம, ஆவியா மாறி மூலை முடுக்கெல்லாம் நிறையும். இரும்புக்கும் அதே மாதிரி மருந்து இருக்கு. பேரு வேப்பர் கரோஷன் இன்ஹிபிட்டர். பல வகை அமீன் உப்புகள்ல செய்யுறது. புது பேரிங் வாங்கினா ஒரு மாதிரி காகிதத்துல சுத்தித் தருவாங்கல்ல, பல நேரம் அதுல தடவியிருக்குறது இதைத்தான்.

குழாய்க்கு இதைப் பொடியாவோ ஜெல்லாவோ வென்ட் பைப் வழியா உள்ள விடுவாங்க. ஆவியாகுற மூலக்கூறுகள் கை எட்டாத இடத்துலயும் போய் இரும்புமேல மெல்லிசா ஒரு படலமா ஒட்டிக்கும். ஈரமும் ஆக்ஸிஜனும் இரும்பைத் தின்ன விடாம அது தடுக்கும். ரோட்டை வெட்ட வேண்டாம்.

ஆனா இது மந்திரம் கிடையாது. பீரோக் கதவைத் திறந்தே வச்சா உருண்டை காலியாகிடும். அதே மாதிரி சீலைச் சரிபண்ணாம மருந்து விட்டா வீண். ரெண்டு இரும்பும் தொட்டுக்கிட்டு இருந்தா அந்தத் தொடர்பை இது பிரிக்காது, துருவை மெதுவாக்கும், அவ்வளவுதான். உரிஞ்ச பூச்சுக்கு அடியில புகுறதும் கஷ்டம். மருந்து தீரத் தீர மறுபடி விடணும். அதனால உள்ள ஒரு ப்ரோபும் வைப்பாங்க. அதுல இருக்குற மெல்லிய இரும்பு தேயத் தேய மின்தடை ஏறும். டாஷ்போர்டை இப்பத்தான் சரியான இடத்துல மாட்டியிருக்கோம்னு வச்சுக்கோங்க.

இந்த ஆவி மருந்து ஆராய்ச்சி நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. 1953ல காரைக்குடியில திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைச்ச நிறுவனம்.

ஏன் இதுக்கு ஒரு எபிசோட்? 2013ல தண்டையார்பேட்டையில வீட்டு போர் தண்ணியில பெட்ரோல், டீசல் வந்தது ஞாபகம் இருக்கா? அது கேசிங் பிரச்சினைன்னு நான் சொல்லல. ஆனா பூமிக்கடியில குழாய் கசிஞ்சா அதை யார் குடிப்பாங்கன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. திண்டிவனம் பக்கம் கிணத்துத் தண்ணியிலதான் மணிலாவும் நெல்லும் விளையுது. 1962 சட்டப்படி, குழாய் போற நிலம் விவசாயி பேர்லயே இருக்கும். ஆனா அந்தப் பட்டையில அவர் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. நம்ம வண்டியில ஊத்துற பெட்ரோலுக்காக அவர் விட்டுக்கொடுத்த இடம் அது. உள்ள இருக்குற குழாயை ஒழுங்காப் பாத்துக்கிறதுதான் அவருக்கு நாம செய்யுற குறைஞ்சபட்ச மரியாதை.

அடுத்த தடவை அந்த வழியா போறப்ப டீ குடிக்க இறங்கினா, பலகையை ஒரு பார்வை பாருங்க. அதுல ஒரு போன் நம்பர் இருக்கும். வென்ட் பைப் உடைஞ்சு கிடந்தாலோ, பெட்ரோல் வாடை அடிச்சாலோ, பக்கத்துல ஜேசிபி தோண்டினாலோ தள்ளி நின்னு அந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க. அங்க நின்னு மட்டும் சிகரெட் பத்த வைக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.