ஈட்டி எறியப் போகும் நம் பெண்பிள்ளைகள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இன்று ஒரு புது விஷயம். சில மாதத்துக்கு முன் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். உறுப்பினர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சம்மதக் கடிதத்தை நீட்டினார். ஒன்பதாவது படிக்கும் மகளை ஈட்டி எறிதலுக்கு எடுத்திருக்கிறார்களாம். "கூரா இருக்கு மேடம். புள்ள மேல பட்டுட்டா? கையெழுத்துப் போடவா, வேணாமா?" என்று கேட்டார். எங்களுக்கு உடனே பதில் தெரியவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டு, உடற்கல்வி ஆசிரியர்களிடம் விசாரித்து வந்தோம். அதைத்தான் உங்களிடம் சொல்கிறோம்.

அந்த அக்காவின் பயம் வீண் பயம் இல்லை. 2007-ல் ரோம் நகரில் நடந்த பெரிய போட்டியிலேயே, திசை மாறிப் போன ஈட்டி நீளம் தாண்டும் வீரர் ஒருவரின் விலாவில் குத்தியது. அவர் பிழைத்துக்கொண்டார். 2012-ல் ஜெர்மனியில், தூரம் அளக்கும் வேலையில் இருந்த 74 வயதுப் பெரியவர் ஈட்டி பட்டு இறந்தே போனார். அதனால்தான் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு கட்டுப்பாடு.

முதலில் எறியும் முறை. ஈட்டியை நடுவில் கயிறு சுற்றிய இடத்தில்தான் பிடிக்க வேண்டும். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். ஓடிவந்து, கடைசியில் கால்களைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் திரும்பி, முன்காலை அழுத்தி ஊன்றி எறிய வேண்டும். கை பலம் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. காலில் தொடங்கி, இடுப்பு, தோள் என்று ஏறி, கடைசியில்தான் கைக்கு வருது. தோளுக்கு மேலாகத்தான் எறியணும். கையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் வீசினால் முழங்கை கெட்டுப்போகும். உடம்பைச் சூடுபடுத்தாமல் எறியவே கூடாது.

எடையும் முக்கியம். ஆண்கள் ஈட்டி 800 கிராம், பெண்களுக்கு 600 கிராம், 18 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு 500 கிராம். "இருக்கிறதை வச்சு எறி" என்று ஆண்கள் ஈட்டியைக் கொடுத்தால் பிள்ளையின் தோள் தாங்காது.

மைதானத்துக்குப் போய் நாம் பார்க்க வேண்டியவை:

1. காத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் எறிபவருக்குப் பின்னால், தள்ளி நிற்கிறார்களா?
2. ஈட்டி விழும் பக்கம் கபடி, ஓட்டம் என்று வேறு பயிற்சி நடக்கிறதா? நடக்கக் கூடாது.
3. ஆசிரியர் சொன்ன பிறகுதான் எறிகிறார்களா? எல்லோரும் எறிந்து முடித்த பிறகுதான் எடுக்கப் போகிறார்களா?
4. எடுக்க ஓடக் கூடாது, நடந்து போகணும். குத்தி நிற்கும் ஈட்டியின் வால் நம் கண்ணுக்கு நேராக இருக்கும். பக்கவாட்டில் போய்ப் பிடுங்க வேண்டும்.
5. திரும்பி வரும்போது ஈட்டியை நேராக, கூர் கீழே இருக்கும்படி கையில் கொண்டுவர வேண்டும். அங்கிருந்தே திருப்பி எறியக் கூடாது.
6. ஆசிரியர் இல்லாத நேரம் ஈட்டி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா?

அந்த அக்கா நேரில் போய்ப் பார்த்தார். காத்திருந்த பிள்ளைகள் ஈட்டி போகும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை போடாமல், "சார், புள்ளைங்களப் பின்னால உட்கார வைங்க" என்றார். ஆசிரியர் மறுநாளே சுண்ணாம்புக் கோடு போட்டார். அதன் பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார்.

"பொம்பளப் புள்ளைக்கு ஈட்டி எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அன்னு ராணி என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். உத்தரப்பிரதேசத்தில் மீரட் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். வயலில் கரும்பை எறிந்து பழகி, மூங்கில் ஈட்டியில் பயிற்சி எடுத்தவர். 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கினார். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 62.92 மீட்டர் எறிந்து தங்கமே வாங்கினார்.

சகோதரிகளே, பயந்து பிள்ளையைத் தடுப்பதும் தவறு, பார்க்காமல் கையெழுத்துப் போடுவதும் தவறு. கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுகிறோம்? இதையும் அப்படியே செய்வோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இந்த ஆறு விஷயத்தையும் பேசி, தீர்மானமாக எழுத வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.