பாட்டுத் தொழிற்சாலை கண்ட பெர்ரி கோர்டி



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாமல், அமெரிக்காவில் இசைத்தட்டு விற்ற ஒரு வணிகரைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். கவிதைக்கும் கடைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அவர் முதலில் பாட்டு எழுதியவர், பிறகுதான் முதலாளி. அவரை நம் மன்றத்துக்கு அழைத்து வருவதற்கு அந்த ஒரு தகுதி போதும்.

பெர்ரி கோர்டி 1929ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில், ஜார்ஜியாவிலிருந்து குடிபெயர்ந்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். குத்துச்சண்டை போட்டார்; விட்டார். கொரியப் போர்க்காலத்தில் படையில் இருந்தார். திரும்பி வந்து இசைத்தட்டுக் கடை வைத்தார். தாம் விரும்பிய ஜாஸ் தட்டுகளையே அடுக்கினார். வாசலில் வந்து நின்றவர்கள் கேட்டதோ புளூஸ். கடை மூழ்கியது. பிறகு லிங்கன்-மெர்க்குரி மோட்டார் ஆலையில் வேலை. கை வண்டியைப் பூட்டிக்கொண்டிருக்க, மனம் மெட்டுக் கட்டிக்கொண்டிருந்தது. வெறும் சட்டமாக ஒரு முனையில் புகுந்தது மறுமுனையில் பளபளக்கும் வண்டியாக வெளியேறுவதை அவர் நாள்தோறும் பார்த்தார். அந்தக் காட்சி அவரை விட்டு நீங்கவே இல்லை.

1957இல் ஜாக்கி வில்சன் பாடிய பாடலொன்றை வேறு சிலருடன் சேர்ந்து எழுதினார். பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது; எழுதியவர் கைக்கு வந்ததோ சொற்பம். தமக்கென ஒரு நிறுவனம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. உடன்பிறந்தார் அனைவரும் சேமித்து வைத்த குடும்ப நிதியிலிருந்து 1959 ஜனவரியில் 800 டாலர் கடன் பெற்றார். வீட்டுப் பணம்தானே என்று எளிதில் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. எழுதி வாங்கிக்கொண்டே கொடுத்தார்கள். மேற்கு கிராண்ட் புலவார்டில் 2648ஆம் எண் வீடு நிறுவனத்தின் இல்லமாயிற்று. அதன் பின்பகுதியே ஒலிப்பதிவுக் கூடம். மோட்டவுன் என்னும் பெயர் உலகமெங்கும் பரவியது அந்தச் சிறு வீட்டிலிருந்துதான்.

என்னை மிகவும் ஈர்த்தது அவர்களுடைய வெள்ளிக்கிழமைக் கூட்டம். அந்த வாரம் பதிவான பாடல்களைக் காலையில் எல்லாருமாக அமர்ந்து கேட்பார்கள். நேரம் தவறினால் கதவு அடைபட்டுவிடும். கோர்டி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பசியோடு இருக்கிறாய், கையில் இருப்பது ஒரே டாலர், இந்தத் தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? தோழமைக்காகத் தலையாட்டுவதற்கு அங்கே இடமில்லை. முதலாளியே தயாரித்த பாட்டும் வாக்கெடுப்பில் தோற்கலாம்.

ஸ்மோக்கி ராபின்சன் எழுதிய ‘ஷாப் அரவுண்ட்’ 1960இல் உள்ளூரில் வெளியாகியும் விட்டது. அதன் நடை மந்தமாக இருக்கிறது என்று கோர்டிக்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவு கடந்து மூன்று மணிக்குத் தொலைபேசியில் எழுப்பி, அனைவரையும் வரவழைத்து, விரைந்த நடையில் மறுபடி பதிவு செய்தார். அதுவே அந்நிறுவனத்தின் முதல் பத்து லட்சம் பிரதி விற்ற பாட்டு. வெளியான பிறகும் ஒரு படைப்பை முடிந்ததாகக் கருதாத அந்த மனத்தை வணிக மனம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க என்னால் இயலவில்லை. கேட்கிறேன்: இந்தப் பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் படிக்கப்பட்ட கவிதைகளில், “இது இன்னும் ஆகவில்லை, எடுத்துப் போய் மறுபடி எழுதுங்கள்” என்று திருப்பித் தந்தவை எத்தனை? கைதட்டல் மலிந்த மன்றத்தில் நல்ல கவிஞன்தான் முதலில் சலிப்படைவான்.

ஆயினும் அந்தத் துலாக்கோலுக்கும் கோளாறு உண்டு. மார்வின் கே போரையும் வறுமையையும் பற்றி ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாடினார். கோர்டிக்கு அதில் உடன்பாடு இல்லை. விற்காது என்று கருதினார். 1971 ஜனவரியில் வெளிவந்தது, விற்பனையில் பறந்தது. காலம் மாறியதைத் துலாக்கோல் அறியவில்லை. கவிதையை அளக்க முனையும் நாமும் இதை மறக்கலாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தனை பாடல்களுக்கும் பின்னால் வாசித்த கலைஞர்களின் பெயர் ஆண்டுக்கணக்கில் தட்டின் உறையில் இடம்பெறவில்லை. மார்வின் கேயின் அந்த 1971ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் பெயர்கள் அச்சேறின. அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலிசுக்குப் போய்விட்டது. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழாவை நடத்தினார்கள். பேஸ் கிதார் மேதை ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு அழைப்பில்லை. தாமே சீட்டு வாங்கி மாடத்தில் அமர்ந்து பார்த்தார். அதே ஆண்டு மறைந்தார். விழா எடுப்போர் நெஞ்சில் உறுத்த வேண்டிய செய்தி இது. நம் விழா மலருக்கு மெய்ப்புப் பார்த்தவர் பெயரும், மாதந்தோறும் நாற்காலி போட்டவர் பெயரும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பதிப்புக் குழுவினர் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.

உரிமைக் கணக்கும் கவிஞர்கள் அறியத் தக்கது. 1988இல் மோட்டவுனை 6.1 கோடி டாலருக்கு விற்ற கோர்டி, பாடல்களின் பதிப்புரிமை கொண்ட ஜோபெட் நிறுவனத்தை மட்டும் விற்கவில்லை. 1997இல் அதில் பாதிப் பங்கு 13.2 கோடி டாலருக்குப் போயிற்று. கட்டடத்தையும் பெயரையும்விடச் சொல்லும் மெட்டும் விலை மதிப்புடையவை என்பதை அவர் அறிந்திருந்தார். பாட்டெழுதிய பலர் அதைப் பிந்தி அறிந்தார்கள். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள் என்று இளங்கவிஞர்களுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது!

1963 ஜூனில் டெட்ராய்ட்டில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையை அதே ஆண்டில் தட்டாக்கி வெளியிட்டவரும் இந்த வணிகர்தாம். 1970இல் ‘பிளாக் ஃபோரம்’ என்றொரு வரிசை தொடங்கினார்கள். அதில் லாங்ஸ்டன் ஹியூஸ், மார்கரெட் டேனர் என்னும் இரு கவிஞர்களின் குரல் வெளிவந்தது. ஹியூஸ் 1967லேயே மறைந்துவிட்டார். அதற்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த வரிசை நெடுநாள் நீடிக்கவில்லை. குரல் மட்டும் நின்றது.

நம் கூட்டங்களின் ஒலிநாடாக்கள் செயலாளர் வீட்டு அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. நம்மைவிட்டுப் பிரிந்த கவிஞர்களின் குரலும் அவற்றில் உண்டு. நாடாவில் பூஞ்சை ஏறும் முன் அவற்றைப் படியெடுக்க இவ்விழாவிலேயே ஒரு சிறு குழு அமைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். முதற்செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.