தண்டம் கட்டினால் வழக்கு முடிந்ததா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேசப்போவது கோர்ட்டு வழக்கைப் பற்றி. திருவிழாக் காலத்தில் வாய்ச்சண்டை கைகலப்பாகிறது. பொலிஸில் முறைப்பாடு, பிறகு கோர்ட்டு. அங்கே பக்கத்தில் நிற்பவர் சொல்வார்: "ஒத்துக்கிட்டுத் தண்டத்தைக் கட்டிட்டு வாடா, இன்னையோட முடிஞ்சிரும்." இன்னொரு தவணை வந்தால் இன்னொரு நாள் பேர் போய்விடுமே என்று பையனும் தலையாட்டிவிடுகிறான்.

ஆனால் அது அன்றோடு முடிவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டுவதும் குற்றவாளி என்ற தீர்ப்புத்தான். தொகை சிறிது என்பதால் தீர்ப்பு சிறிதாகாது. நாளைக்கு வெளிநாடு போக, பாதுகாப்பு வேலைக்குச் சேர, பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள். அப்போது அந்தப் பழைய தண்டம் முன்னால் வந்து நிற்கும்.

ஆகவே சில விஷயங்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

முறைப்பாடு, கைது, வழக்கு, இவை எதுவும் தீர்ப்பு அல்ல. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்று நமது அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை சொல்கிறது. பொலிஸ் ஜீப்பில் ஏறினான் என்பதற்காக லயத்தில் ஒருவனைக் கள்ளன் என்று கூப்பிடுவது சரியல்ல.

அடுத்தது, 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306 ஆம் பிரிவு. குற்றம் நிரூபணமானாலும், அவருடைய வயது, முந்திய நடத்தை, குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து, குற்றவாளித் தீர்ப்பு எழுதாமலே நீதவான் எச்சரித்து விடலாம். அல்லது 3 வருடத்துக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் விடலாம். இது நீதவானின் தீர்மானம். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் யாராவது கேட்டால்தானே கிடைக்கும்? முதல் தடவை கோர்ட்டுக்குப் போகும் பிள்ளைக்காக இதைக் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

ஒத்திவைத்த சிறைத்தண்டனை வேறு. "உள்ளே போகல, விட்டுட்டாங்க" என்று அதைச் சொல்கிறார்கள். அது விடுதலை அல்ல, தண்டனைதான். குறித்த காலத்துக்குள் சிறைத்தண்டனைக்குரிய இன்னொரு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் சேர்ந்து வரும். அதேபோல நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் விட்டால், அவர் கூப்பிடும் நாளில் போகவேண்டும். நிபந்தனையை மீறினால் முதல் குற்றத்துக்கே மறுபடி தண்டனை கிடைக்கலாம்.

இனி, செய்யவேண்டியவை:

சிறு கைகலப்பு என்றால் முதலில் மத்தியஸ்த சபையில் தீர்க்கப் பாருங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை அது. அங்கே சமாதானமானால் பெரும்பாலும் கோர்ட்டு வாசலை மிதிக்கத் தேவையில்லை.

சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1978 இல் அது ஏற்படுத்தப்பட்டது.

கோர்ட்டில் பேசும் மொழி விளங்காவிட்டால் தலையாட்ட வேண்டாம். "எனக்கு விளங்கேல்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்புப் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை.

தவணையைத் தவறவிட வேண்டாம். சின்ன வழக்குக்கும் பிடியாணை வரும்.

வழக்கு முடிந்ததும் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து, பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக வையுங்கள். பொலிஸ் பதிவில் வழக்கின் முடிவு சேராமல் கிடந்தால், காட்டுவதற்கு அந்தக் கடதாசிதான் கையில் இருக்கும்.

தாய்மாரே! பிள்ளை தப்புச் செய்தால் கண்டியுங்கள். ஆனால் ஒரு நாள் பேரை மிச்சம் பிடிக்கப்போய், அவனுடைய பல வருட வேலையை இழக்கவிடாதீர்கள். கோர்ட்டில் "குற்றவாளி" என்ற சொல்லைச் சொல்லுமுன் ஒரு சட்டத்தரணியிடம் பேசட்டும். கடதாசி வந்தவுடனே எங்கள் நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் வழிகாட்டுவோம்.