வேலையில் நேரும் தீங்கும் இழப்பீடும்



விடியுமுன் பால்மரக் காட்டிற்குச் செல்லும் நம்மவர் ஒருவரின் கையில் கத்தி பட்டுவிடலாம். மரப்பட்டைத் துணுக்கு தெறித்துக் கண் கெடலாம். அவர் வேலைக்குச் செல்ல இயலாத நாள்களில் குடும்பத்திற்கு ஈடு செய்ய வேண்டியவர் யார்? இவ்வினாவிற்கு நாடுகளின் சட்டங்கள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. அவற்றுள் சிலவற்றை நாம் இன்று காண்போம்.

இங்கிலாந்தில் இறைச்சி வணிகர் ஒருவரின் பணியாள், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி முறிந்ததால் தொடை எலும்பு முறிந்து, முதலாளிமீது வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் 100 பவுன் வழங்கினர். ஆனால், 1837ஆம் ஆண்டு மேல் விசாரணையில் அது மறுக்கப்பட்டது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை பணியாளுக்கு உண்டு என்றார் நீதிபதி. பசித்த வயிறு வேலையை மறுக்குமா என்று அத்தீர்ப்பு எண்ணிப் பார்க்கவில்லை.

ஜெர்மனி 1884இல் வேறு வழி கண்டது. முதலாளிகள் சந்தா செலுத்தும் விபத்துக் காப்புறுதியை அது நிறுவிற்று. பிழை யாருடையது என்னும் வழக்கிற்குப் பதிலாக, காயம் வேலையில் நேர்ந்ததா என்பதே வினாவாயிற்று. இங்கிலாந்து 1897இலும், பிரான்சு 1898இலும் முதலாளியின் பிழையை மெய்ப்பிக்காமலே ஈடு பெறும் சட்டங்களை இயற்றின. நியூசிலாந்தோ 1974 முதல் வேலைக்கு வெளியே நேரும் விபத்துகளுக்கும் ஈடு வழங்கி வருகிறது.

நம் மலேசியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1971இல் சொக்சோ தோன்றியது. வேலை விபத்திற்கான சந்தா முழுவதையும் முதலாளியே செலுத்துகிறார். அதற்கு ஈடாக, அக்காயத்திற்காக அவர்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுப்பதைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே, சொக்சோவில் கோர வேண்டியதைக் கோராமல் விட்டால் நமக்கு வேறு வழி அரிது. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் இப்பாதுகாப்பு உண்டு.

ஆயினும், காயம் வேலையில் நேர்ந்தது என்பதற்குச் சான்று வேண்டும். "சிறு கீறல்தானே" என்று துணியைச் சுற்றிக்கொண்டு வாளாவிருத்தல் தகாது. அன்றே கங்காணியிடமும் அலுவலகத்திலும் தெரிவியுங்கள். இடம், நேரம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். செய்தியறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவிற்கு அறிவித்தல் வேண்டும். மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாதிருப்பின், கணக்கிடப்படும் நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். எனவே, விடுப்புச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஈட்டுத் தொகையைக் கோர எவரும் கூச வேண்டுவதில்லை. நம் உழைப்பின் பேரில் செலுத்தப்பட்ட சந்தாவே துன்ப நாளில் நம் இல்லத்திற்குத் திரும்பி வருகிறது.