இன்ஜின் ஆயில் ஏறுதா? சந்தோஷப்படாதீங்க!

(டிராக்டர் வைத்திருக்கும் குழுக்களுக்காக நயினார்கோவிலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்த இடத்துல நின்னு சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்கு என்னை டிராக்டர் இன்ஜினைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. "இது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே, டிரைவர் பார்த்துக்குவாரே" என்று சிலர் நினைக்கலாம். வண்டி வாங்கின கடன் பத்திரத்துல கையெழுத்து யாருதுன்னு பாருங்க. நம்ம பத்துப் பன்னிரண்டு பேர் கையெழுத்துதானே இருக்கு? அப்ப வண்டிக்குள்ள என்ன நடக்குதுன்னும் நாமதான் தெரிஞ்சு வச்சுக்கணும்.

நம்ம பக்கம் மானத்தைப் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசியில புழுதி உழவு ஓட்டி, விதையைத் தூவிட்டு, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம். முண்டு மிளகாய்க்கும் அதே சமயத்துலதான் நிலம் தயார் பண்ணணும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, பெருமைதான். ஆனா பருவத்துல உழவு ஓடலைன்னா மிளகாய் எங்க இருந்து வரும்? அந்த இருபது இருபத்தஞ்சு நாள் எல்லாரும் ஒண்ணா வண்டி கேப்பாங்க. அப்பப் போய் வண்டி படுத்துச்சுன்னா, உறுப்பினர் நிலமும் தரிசாக் கிடக்கும், தவணை கட்டுற வாடகையும் போச்சு. அதனால கோடையிலேயே பார்க்க வேண்டிய ஒரு கோளாறைச் சொல்றேன். இன்ஜின் ஆயில்ல டீசல் கலக்கிறதுதான் அது.

இன்ஜின்ல இருக்கிற ஆயில் அளவைப் பார்க்க ஒரு குச்சி இருக்கு. டிப் ஸ்டிக் என்பாங்க. அதுல ரெண்டு கோடு இருக்கும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவுல ஆயில் நிக்கணும். பழைய வண்டி கொஞ்சம் ஆயில் தின்னும், அளவு மெதுவா இறங்கும். அது வழக்கம். இறங்காம நின்னா நல்லது. ஆனா யாரும் ஊத்தாமலேயே அளவு ஏறுதுன்னா? பசு மடியா என்ன, தானே சுரக்கிறதுக்கு? வேற ஏதோ உள்ள இறங்குதுன்னு அர்த்தம்.

ஒரு குழுவுல நடந்ததைச் சொல்றேன், பேர் வேண்டாம். பதினைந்து வருஷத்துக்கு மேல ஓடின வண்டியைப் பழசா வாங்கியிருந்தாங்க. டிரைவர் தம்பி, "அக்கா, நம்ம வண்டி ஆயிலே குடிக்கலை, அருமையான இன்ஜின்" என்று சொல்லிக்கிட்டிருந்தார். அதே மாசம் டீசல் கணக்கு உதைச்சுது. ஓடின மணிக்கும் ஊத்தின டீசலுக்கும் நாலைஞ்சு லிட்டர் இடிச்சுது. கூட்டத்துல பேச்சு எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். "தம்பி வித்துட்டாரோ?" என்று ஒருத்தர் கேட்க, இன்னொருத்தர் தலையாட்ட, அந்தப் பிள்ளை சாவியை மேசையில வச்சுட்டு எழுந்திருச்சுட்டார். கணக்கு எழுதுற மதினிதான், "இருங்க, வண்டியையும் ஒரு தடவை பார்த்துருவோம்" என்று குச்சியை எடுத்துப் பார்த்தாங்க. மேல்கோட்டுக்கு மேல ரெண்டு விரற்கடை ஏறி நின்னுச்சு. மூந்து பார்த்தா டீசல் வாடை. காணாமப் போன டீசல்ல ஒரு பங்கு இன்ஜினுக்குள்ளேயே இருந்துச்சு. மிச்சம் கறுப்புப் புகையாப் போயிருக்கு. தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டு சாவியைத் திரும்பக் கொடுத்தாங்க. இதுக்குத்தான் ஆயில் அளவையும் நோட்டுல எழுதணும் என்கிறேன். சேமிப்பு நோட்டு எழுதத் தெரிஞ்ச நமக்கு இது பெரிய வேலை இல்லை.

எப்படிப் பார்க்கிறது? காலையில, வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, சமமான தரையில நிக்கும்போது பார்க்கணும். வரப்புல சாஞ்சு நிக்கிற வண்டியில பார்த்தா அளவு பொய் சொல்லும். குச்சியை எடுத்துத் துணியால துடைச்சு, மறுபடி முழுசா விட்டு எடுத்துப் பாருங்க. தேதி, மணி மீட்டர், ஆயில் எந்த இடத்துல நிக்குது, புதுசா ஊத்தினா எவ்வளவு - இதை எழுதினாப் போதும். டிரைவர் ஊத்தினதை எழுதாம விட்டாலும் அளவு ஏறித்தான் தெரியும். அதனால முதல்ல அதைக் கேட்டுட்டு அப்புறம் சந்தேகப்படுங்க.

அளவு ஏறியிருக்கு. டீசல்தான்னு எப்படித் தெரியும்? தண்ணி இறங்கியிருந்தா ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துல இருக்கும், ரேடியேட்டர்ல தண்ணி குறையும். சில வண்டியில ஹைட்ராலிக் பம்ப் இன்ஜினோட ஒட்டி இருக்கும். அதோட சீல் போனா அந்த ஆயில் வந்து சேரும். அப்ப ஆயில் நீர்த்துப் போகாது, டீசல் வாடையும் வராது. டீசல் கலந்திருந்தா நிறம் கறுப்பாவேதான் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சா வழவழப்பு இல்லாம தண்ணி மாதிரி ஓடும், வாடை அடிக்கும். வாடையை மட்டும் நம்பாதீங்க. டீசல் பட்ட கையால மூந்தா எல்லாம் டீசலாத்தான் தெரியும்.

வீட்டுல செய்யற சோதனை ஒண்ணு இருக்கு. ஒரு பழைய தகரத் தட்டை எடுத்துக்குங்க. அதே ரக ஆயில் புதுசு ஒரு சொட்டு, குச்சியில இருந்து ஒரு சொட்டு, பக்கத்துல பக்கத்துல வையுங்க. ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும், அதனால இன்ஜின் ஆறினப்புறம் செய்யுங்க. தட்டை மெல்லச் சாய்ச்சா ரெண்டும் ஓடும். குச்சி ஆயில் பந்தயக் குதிரை மாதிரி முன்னால ஓடிச்சுன்னா அது நீர்த்திருக்கு. இன்னொண்ணு, கோடு போடாத வெள்ளைத் தாள்ல ஒரு சொட்டு விட்டு சில மணி நேரம் வையுங்க. நடுவுல கரி நின்னு, அதைச் சுத்தி வெளிர் வளையம் அகலமாப் பரவினா டீசல் இருக்க வாய்ப்பு அதிகம். இதெல்லாம் நமக்கு ஒரு அத்தாட்சிதான், முடிவான தீர்ப்பு இல்லை. வெளிநாட்டுல டீசல்ல ஒளிரும் சாயத்தைக் கலந்து, தனி விளக்கு வச்சு எங்க கசியுதுன்னு பார்க்கிறாங்க. சிலர் தீக்குச்சி கிழிச்சுப் பாருன்னு சொல்லுவாங்க, தோசைக்கல்லுல விட்டுப் பாருன்னு சொல்லுவாங்க. வேண்டவே வேண்டாம். டீசல் கலந்த ஆயிலை அடுப்புக்கிட்டக் கொண்டு போகாதீங்க.

"கொஞ்சம் டீசல் கலந்தா என்ன, அதுவும் எண்ணெய்தானே" என்று கேக்கலாம். இன்ஜினுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல ஒரு மெல்லிய படலமா நிக்கிறது ஆயில். டீசல் கலந்தா அந்தப் படலம் அறுந்துபோகும். கிராங்க் பேரிங் தேயும். சூடான பிறகு மெதுவா ஓடவிட்டா ஆயில் பிரஷர் முள் இறங்கி நிக்கும், அந்த அறிகுறியையும் பாருங்க. பொதுவா நூத்துக்கு 5 பங்கு டீசல் சேர்ந்தாலே அந்த ஆயில் ஆகாது. 35 குதிரைத்திறன் வண்டியில ஏறக்குறைய 7 லிட்டர் ஆயில் பிடிக்குதுன்னா, 350 மில்லி டீசல். ரெண்டு டம்ளர் கூட இல்லை.

இதைவிடப் பயமான ஒண்ணு இருக்கு. அளவு ரொம்ப ஏறிட்டா, அந்த ஆயிலையே இன்ஜின் உள்ள இழுத்து எரிக்க ஆரம்பிச்சுரும். அப்ப ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிக்காது, பேய் பிடிச்ச மாதிரி வேகம் ஏறிக்கிட்டே போகும். காத்து போற வாயை மரப்பலகையால அடைச்சோ, பெரிய கியர்ல போட்டு பிரேக்கை அழுத்தி மிதிச்சு கிளட்சை விட்டோ நிறுத்துவாங்க. அதையும் தெரிஞ்சவங்கதான் செய்யணும். கையாலயோ சேலைத் துணியாலயோ அடைக்கக் கூடாது, உள்ள இழுத்துரும். பிள்ளைகளைத் தூர விரட்டுங்க. அதனால மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தா, "இந்த ஒரு குறுக்கம் மட்டும் ஓட்டிட்டு வந்துர்றேன்" என்று யார் கேட்டாலும் சாவி கொடுக்காதீங்க.

சரி, டீசல் எந்த வழியா வருது? இங்கதான் நம்ம பணம் மிச்சமாகுறதும் வீணாப்போறதும். சில மெக்கானிக் வந்ததும், "இன்ஜின் வேலை வந்துருச்சு, செட்டு மாத்தணும்" என்பாங்க. உடனே சரின்னு சொல்லாதீங்க. செலவு குறைஞ்ச இடத்துல இருந்து தேடச் சொல்லுங்க.

முதல்ல ஃபீட் பம்ப். டாங்கில இருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்ன பம்ப் அது. பழைய வண்டிகள் பலதுல அது இன்ஜின் பக்கவாட்டுலேயே மாட்டியிருக்கும், உள்ள டயாஃப்ரம் என்று ஒரு சவ்வு இருக்கும். சவ்வுக்கு ஒரு பக்கம் டீசல், மறுபக்கம் இன்ஜின். சவ்வு கிழிஞ்சா டீசல் நேரா ஆயிலுக்குள்ள போகும். நிறைய வண்டியில டாங்க் உயரத்துல இருக்கிறதால, வண்டி சும்மா நிக்கும்போதே இறங்கும். இதைக் கண்டுபிடிக்க நாமே ஒரு வேலை செய்யலாம். வேலை இல்லாத ரெண்டு நாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். முதல் ராத்திரி டீசல் டாப்பை மூடி வச்சு, காலையில அளவு பாருங்க. அடுத்த ராத்திரி டாப்பைத் திறந்து வச்சு, மறுநாள் காலையில பாருங்க. மூடினப்ப நின்ன அளவு, திறந்தப்ப ஏறியிருந்தா முதல் சந்தேகம் ஃபீட் பம்ப் மேலதான். அப்புறம் மெக்கானிக் அதைக் கழட்டி, டீசல் குழாய் மாட்டினபடியே கைநெம்பை அடிச்சுப் பார்த்தா, இன்ஜின் பக்கம் டீசல் சொட்டுறது கண்ணுக்கே தெரியும். மேல நான் சொன்ன குழுவுக்கு இதுதான் நடந்துச்சு. ஒரு நாள் வாடகைக்குள்ள வேலை முடிஞ்சுது.

நிக்கும்போது ஏறலை, ஓடும்போதுதான் ஏறுதுன்னா பெரிய பம்பையும் நாசிலையும் பார்க்கணும். பெரிய பம்ப் என்கிறது நாசிலுக்கு அழுத்தமா டீசல் அனுப்புறது. மைக்கோ பம்ப் என்பாங்களே, அதுதான். மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பேர் மாத்திருச்சு, நம்ம கடைத்தெருவுல இன்னும் பழைய பேர்தான். சில ரகத்துல அதோட தண்டு சீல் தேய்ஞ்சு, கியர் பெட்டி வழியா டீசல் ஆயிலோட சேரும். சில ரகத்துல உள்ள இருக்கிற பிளஞ்சர் தேய்ஞ்சு, பம்போட அடிப்பெட்டியில டீசல் நிறைஞ்சு இன்ஜினுக்கு வழியும். இந்தப் பம்பை மரத்தடியில வச்சுப் பிரிக்க விடாதீங்க. மதுரை மாதிரி ஊர்ல இதுக்குன்னே சோதனை மேசை வச்ச கடைகள் இருக்கு.

நாசில் கெட்டா பூச்சி மருந்து தெளிப்பான் மாதிரி புகையாத் தெளிக்காம, குழாய் ஒழுகுற மாதிரி சொட்டும். எரியாத டீசல் பிஸ்டன் ஓரமாக் கீழ இறங்கும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை, தடதடன்னு சமமில்லாத சத்தம், இழுவை குறைவு, இதெல்லாம் சேர்ந்து வந்தா நாசிலைக் கழட்டி டெஸ்டர்ல போட்டுப் பாருங்க. அந்தக் குழாய் நட்டைத் தளர்த்தும்போது கையைக் கிட்டக் கொண்டு போகக் கூடாது. அந்த அழுத்தத்துல டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள ஏறிரும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள கை அழுகிப் போகும். அப்படிப் பட்டா மஞ்சள் வச்சுக் கட்டாம அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

நாசில், பம்ப் எல்லாம் சரியா இருந்தும் ஏறுதுன்னா, அப்பத்தான் ரிங் தேய்ஞ்சிருக்கான்னு அழுத்தம் பார்க்கிறது. ரிங் தேய்ஞ்ச வண்டியை மணிக்கணக்கா சும்மா ஓடவிட்டாலும் டீசல் சரியா எரியாமக் கீழ இறங்கும். டீ குடிக்கப் போகும்போது வண்டியை அணைச்சுட்டுப் போகச் சொல்லுங்க.

கோளாறு சரியானதும் சிலர், "ஏறின அளவை மட்டும் வடிச்சு விட்டுருவோம்" என்பாங்க. அது மோர்ல ஊத்தின தண்ணியைத் தனியா வடிக்கிற கதை. முழுசா வடிச்சு, ஃபில்டரையும் மாத்தி, புது ஆயில் ஊத்தணும். ஊத்தின தேதியையும் மணியையும் எழுதி, முதல் வாரம் தினமும் பாருங்க. வடிச்ச ஆயிலைக் கம்மாய்க் கரையில கொட்ட வேண்டாம், ஆடு மாடு குடிக்கிற தண்ணி அது. கேன்ல பிடிச்சு வச்சா பழைய ஆயில் வாங்குறவங்க வாங்கிக்குவாங்க. அந்தக் காசையும் வரவுல எழுதிருங்க.

டிராக்டர் வச்சிருக்கிற குழுக்காரங்க சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் இருங்க. வாசல்ல ரெண்டு வண்டி நிக்குது. காலையிலயே வந்து நின்ன வண்டிதான், இன்ஜின் இந்நேரம் ஆறியிருக்கும். குச்சியை எடுத்து ஆளுக்கொரு தடவை பார்த்துட்டுப் போவோம். துடைக்கிறதுக்குப் பழைய துணி நான் கொண்டாந்திருக்கேன்.