மோர்பாத் கோயிலின் வரவு செலவு



இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், எக்ஸ்மூர் என்னும் மேட்டுப் புல்வெளியின் ஓரத்தில் மோர்பாத் என்றொரு சிற்றூர். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே இருந்தவை 33 குடும்பங்கள். ஆட்டு மந்தையும் கொஞ்சம் வெள்ளாமையும்தான் பிழைப்பு. எட்டாம் ஹென்றி காலத்தில் தொடங்கிய சமயச் சீர்திருத்தம் சாதாரணக் குடியானவர் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை அறிய, இந்த ஊரைப்போல் உதவும் ஊர்கள் குறைவு. அவ்வூர்ப் பங்குக் கோயிலின் வரவு செலவுக் கணக்கு அழியாமல் கிடைத்திருப்பதே காரணம்.

அன்றைய இங்கிலாந்து ஏறத்தாழ 9,000 பங்குகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கோயில், ஒரு குருவானவர். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அங்கேதான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று 1538இல் அரசு கட்டளையிட்டது. பதிவேட்டில் பெயரும் தேதியும் கிடைக்கும். அந்த மனிதர்கள் எதற்கு மகிழ்ந்தார்கள், எதற்குச் சண்டையிட்டார்கள் என்பதை அறியக் கணக்குப் புத்தகத்தைத்தான் திறக்கவேண்டும்.

மோர்பாத்துக்குக் கிறிஸ்டபர் டிரிக்கி பங்குத்தந்தையாக வந்த ஆண்டு 1520. 1574இல் இறக்கும்வரை, 54 ஆண்டுகள், அவர் வேறெங்கும் போகவில்லை. கோயில் பொறுப்பாளர்களின் கணக்கைத் தம் கையாலேயே எழுதினார். எழுதியதை ஊரார்முன் உரக்கப் படித்தார். அதனால்தான் அந்தக் கணக்கில் எண்களுக்கு நடுவே ஒரு மனிதர் பேசுவது கேட்கிறது. கொடுத்தவருக்கு நன்றி சொல்கிறார், தராதவரை நினைவூட்டுகிறார், தகராறு தீர்ந்தால் மகிழ்கிறார்.

கோயிலுக்குச் சொந்தமாக ஆடுகள் இருந்தன. அவற்றை ஊரார் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தார்கள். இன்ன ஆடு மாதாவுக்கு, இன்ன ஆடு புனித ஜார்ஜுக்கு என்று கணக்கு. கம்பளி விற்ற காசில் அந்தந்தப் புனிதர் சுரூபத்தின்முன் மெழுகுவர்த்தி எரிந்தது. இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி. இரண்டுக்கும் அவரவரே பொறுப்பாளர்கள். குடும்பத் தலைவியான கைம்பெண்ணும் முறை வந்தால் கோயில் பொறுப்பை ஏற்றாள். ஆண்டு தவறாமல் நடந்த பீர் விருந்துதான் பெரிய வருமானம். 33 வீட்டுக்கு இத்தனை பொறுப்புகளா என்று முதலில் வியப்பாக இருக்கும். இந்தப் பொறுப்புகளின் வழியாகத்தான் அவர்கள் ஓர் ஊராக இருந்தார்கள் என்பது படிக்கப் படிக்க விளங்கும்.

எக்ஸெட்டர் நகரத்துப் புனிதை சித்வெல் மீது டிரிக்கிக்குத் தனிப் பக்தி. அவளுடைய சுரூபத்தை மோர்பாத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஊராரும் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்போல ஏற்றுக்கொண்டு வெள்ளியில் காலணி செய்து போட்டார்கள். 1534இல் திருடன் ஒருவன் ஏணி வைத்துக் கோயிலுக்குள் இறங்கினான். திருக்கிண்ணமும் அந்த வெள்ளிக் காலணியும் போயின. பங்கின் பணத்தில் ஒரு காசு தொடாமல், இளைஞர்களும் இளம்பெண்களும் கூடி நிதி திரட்டிப் புதிய திருக்கிண்ணம் வாங்கித் தந்தார்கள். டிரிக்கி அதைப் பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார்.

இறந்தோருக்கான திருப்பலியில் உடுத்தக் கறுப்புத் திருவுடை வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், கோயில் ஆட்டுக் கம்பளியில் தமக்குச் சேரவேண்டிய தசமபாகத்தையும் விட்டுக்கொடுத்துப் பணம் சேர்த்தார். 1547இல் திருவுடை வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஹென்றி இறந்து, ஒன்பது வயது எட்வர்டு அரியணை ஏறினான். அவன் பெயரால் ஆண்டவர்கள் பழைய வழிபாட்டின்மேல் கைவைத்தார்கள். சுரூபங்கள் அகன்றன. விளக்குகள் அணைந்தன. கோயில் ஆடுகள் விலைபோயின. பீர் விருந்தும் நின்றது. திருவுடைகளை ஊரார் தங்கள் வீடுகளில் பத்திரப்படுத்தினார்கள். பக்கம் பக்கமாகப் பேசிய கணக்கு சுருங்கிப்போனது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

1549இல் லத்தீன் வழிபாட்டுக்குப் பதிலாக ஆங்கில வழிபாட்டுப் புத்தகம் கட்டாயமானது. டெவனும் கார்ன்வாலும் கிளர்ந்தெழுந்தன. ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 6 வரை எக்ஸெட்டர் முற்றுகையில் கிடந்தது. மோர்பாத் ஊரார் ஐந்து இளைஞர்களைச் செலவு கொடுத்து அந்த நகருக்கு வெளியே இருந்த முகாமுக்கு அனுப்பினார்கள் என்று கணக்கு சொல்கிறது. அது கிளர்ச்சிக்காரர்களின் முகாம் என்பது வரலாற்றாசிரியர் ஏமன் டஃபியின் முடிவு. இந்த ஊரைப் பற்றி அவர் எழுதிய நூல் 2001இல் வெளிவந்தது. ராஜத் துரோகத்துக்கு ஆன செலவை வழக்கமான செலவுகளோடு சேர்த்துப் பங்குக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்! கிளர்ச்சி நசுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எக்ஸெட்டரை ஒட்டிய ஒரு பங்கின் குருவானவரைத் திருவுடையோடு அவருடைய கோயில் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கவிட்டார்கள்.

1553இல் அரசி மேரி பழைய வழிபாட்டை மீட்டதும், வீடுகளில் காத்துவைத்தவற்றை மோர்பாத் மக்கள் ஒவ்வொன்றாகக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்தே ஆண்டுகள். அதன்பின் எலிசபெத் வந்தார். மீண்டும் எல்லாம் மாறின. டிரிக்கி ஆங்கிலத்தில் வழிபாடு நடத்திக்கொண்டு அங்கேயே இருந்தார்.

அவரைச் சந்தர்ப்பவாதி என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாம் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். அந்த மக்களை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் கொள்கிறேன்.

நேயர்களில் யாரேனும் இங்கிலாந்து சென்றால், லண்டனோடு திரும்பிவிடாதீர்கள். ஏதாவது ஒரு கிராமத்துப் பங்குக் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே பணிபுரிந்த குருக்களின் பெயர்ப் பட்டியல் பல கோயில்களின் சுவரில் இருக்கும். 1540க்கும் 1560க்கும் இடையில் அங்கே யார் இருந்தார், பெயர் மாறியதா என்று தேடிப் படியுங்கள்.